ஏற்காட்டு ஓதத்தில் பழைய கீபோர்டுகள்: துரு எடுத்ததும் கதகதப்பு அலமாரி கட்டியதும்

ஏற்காட்டில் ஐப்பசி பிறந்தால் மூடுபனி ஜன்னல் வழியாக வந்து அறைக்குள் உட்கார்ந்துகொள்கிறது. துவைத்த துணி மூன்று நாளானாலும் காய்வதில்லை. முறுக்கு டப்பாவைத் திறந்து வைத்தால் அரை மணியில் நமுத்துவிடும். அப்படிப்பட்ட ஓர் அறையில் சுவரோரம் ரெக்ஸின் உறை போட்டு வைக்கப்பட்டிருந்த நான்கு இசைக்கருவிகளைத் திறந்து, சுத்தம் செய்து, இனியும் கெடாமலிருக்க ஓர் அலமாரி கட்டிய வேலையின் பதிவு இது. கருவிகள்: 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, 1981-இல் வந்த கோர்க் பாலிசிக்ஸ், கேசியோ எஸ்கே-1, ஒரு எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி.

முதலில் கணக்கு. அது தெரியாமல் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வாங்கிக் குவித்துப் பயனில்லை. கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,500 மீட்டர் உயரத்தில், மழைக்கால இரவில், அறை வெப்பம் 18 டிகிரியும் ஈரப்பதம் 90 சதவீதமும் இருப்பது சாதாரணம். இரும்பு ஏறத்தாழ 60 சதவீதத்துக்கு மேல் வேகமாகத் துருப்பிடிக்கத் தொடங்கும். விரல் வியர்வையின் உப்பு படிந்திருந்தால் அதற்கு முன்பே தொடங்கிவிடும். 70-ஐத் தாண்டினால் பூஞ்சணம். கருவிகளுக்கு வேண்டியது 45 முதல் 55 வரை. 35-க்குக் கீழே இறக்குவதும் தப்பு: மரப் பக்கப்பலகை வெடிக்கும், நிலைமின்சாரம் ஏறும்.

அதே 18 டிகிரி, 90 சதவீதக் காற்றை 23 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் 66-க்கு வந்துவிடும். 26 டிகிரிக்கு ஏற்றினால் 55. காற்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட வெளியே எடுக்கவில்லை, ஆனாலும் கருவிக்கு வேண்டிய வறட்சி கிடைத்துவிட்டது. மலையில் குளிர்ந்த ஈரத்தைச் சமாளிக்க மலிவான, நம்பகமான வழி இதுதான். ஜெல் இதற்குத் துணை மட்டுமே.

ஈரப்பதம் அளக்கும் கருவியை முதலில் சோதித்துக்கொள்ளுங்கள். மலிவான டிஜிட்டல் ஹைக்ரோமீட்டர்கள் ஐந்து, ஆறு சதவீதம் தள்ளிக் காட்டுவது சகஜம். ஒரு பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, ஈர மணல் பதத்துக்கு வரும்வரை சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விடுங்கள். கரைந்து குழம்பாகக் கூடாது. அதையும் மீட்டரையும் ஜிப் பைக்குள் வைத்து மூடி, வெப்பம் மாறாத இடத்தில் 12 மணி நேரம் விட்டால் 75 காட்ட வேண்டும். 80 காட்டினால் எப்போதும் ஐந்தைக் கழித்துப் படியுங்கள். மீட்டர் மேலேயே ஸ்கெட்ச் பேனாவில் எழுதி வைத்துவிடுவது நல்லது. இரண்டு மீட்டர் வேண்டும்: ஒன்று அறைக்கு, இன்னொன்று அலமாரிக்குள்.

திறந்தபோது இருந்தது

துரு எங்கே அதிகம் என்பதே பாதி விஷயத்தைச் சொல்லிவிடும். டிஎக்ஸ்7-இன் அடித்தகட்டில் பின்பக்க ஓரம்தான் மோசம். அந்தப் பக்கம்தான் சுவர். பழைய கல் சுவர் தரையிலிருந்து ஓதத்தை உறிஞ்சி மேலே ஏற்றும். ரெக்ஸின் உறை அந்த ஈரத்தை வெளியேற விடாமல் பிடித்துக்கொண்டு, விடியற்காலைக் குளிரில் உலோகத்தின் மேலேயே தண்ணீராகக் கோத்துவிடும். உறை வேண்டுமானால் கெட்டியான பருத்தித் துணியே போதும். சுவருக்கும் கருவிக்கும் குறைந்தது 10 சென்டிமீட்டர் இடைவெளி விட வேண்டும். தரையில் நேரடியாக எதையும் வைக்க வேண்டாம்.

திருகுகளைக் கழற்றுமுன் ஒரு விஷயம். அந்தக் கால ஜப்பான் கருவிகளின் ஸ்டார் திருகு நம் ஊர்க் கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் முனைக்குச் சரியாகப் பொருந்தாது. துரு ஏறிய தலையில் அந்த முனையை வைத்துத் திருப்பினால் வழுக்கித் தலையை அரைத்துவிடும். ஜேஐஎஸ் என்று கேட்டு ஜப்பான் தர முனை வாங்குங்கள். இறுகிய திருகுக்கு சால்டரிங் அயர்ன் நுனியை 20 விநாடி தலையில் வைத்து, ஆறியபின் திருப்பினால் பெரும்பாலும் இளகும். பிளாஸ்டிக்குக்குள் இறங்கும் திருகுக்கு இந்த வைத்தியம் கூடாது. துரு இளக்கும் ஸ்ப்ரேயை உள்ளே அடிக்கவே வேண்டாம். அதன் எண்ணெய் படலம் தூசியைப் பிடித்துவைக்கும், வால்யூம் கன்ட்ரோலின் கார்பன் பாதையையும் கெடுக்கும்.

கீ வரிசைக்கும் பேனலுக்கும் அடியில் ஒட்டியிருக்கும் பழைய ஃபோம் பட்டைகளைப் பாருங்கள். பாலியூரித்தேன் ஃபோம் ஈரத்தில் சிதைந்து, கறுப்புப் பிசினாக ஒழுகும். அது தொட்டுக்கொண்டிருக்கும் உலோகத்தில்தான் துரு ஆழமாக இறங்கியிருக்கும். பிளாஸ்டிக் கரண்டியால் வழித்தெடுத்து, மிச்சத்தை ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்து, கம்பளி ஃபெல்ட் பட்டையை ஒட்டுங்கள். இன்னொரு ஃபோம் வைத்தால் சில வருடங்களில் இதே வேலைதான்.

பேட்டரிதான் முதல் எதிரி

ஈரம் வருடக்கணக்கில் செய்வதை ஒழுகும் பேட்டரி சில மாதங்களில் செய்துவிடும். பாலிசிக்ஸில் கேஎல்எம்-367 போர்டின் மேல் நிக்கல்-காட்மியம் பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது ஒழுகாத பாலிசிக்ஸைப் பார்ப்பது அரிது. உள்ளே இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, அதாவது காரம். செம்புத் தடங்களுக்குள் ஊர்ந்து, பச்சைப் பூச்சுக்கு அடியில் கறுத்த கோடாகத் தெரியும். ஏற்காட்டு ஈரம் அந்தக் காரத்தை எப்போதும் நனைத்தே வைத்திருப்பதால் அது பரவிக்கொண்டே போகும்.

பேட்டரியை வெட்டி எடுத்ததும், 5 சதவீத வெள்ளை வினிகரை பஞ்சுக் குச்சியால் பாதித்த இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரைக்கும். ஐந்து நிமிடம் விட்டு, பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்து, டிஸ்டில்டு வாட்டரால் இரண்டு முறை கழுவி, கடைசியாக 99 சதவீத ஐசோப்ரோப்பைல் ஆல்கஹால். வினிகரைக் கழுவாமல் விட்டால் அதுவே அடுத்த அரிப்பைத் தொடங்கும். கறுத்த தடத்தைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை ஃபைபர்கிளாஸ் பேனாவால் சுரண்டினால்தான் ஈயம் பிடிக்கும். காரம் ஊறிய செம்பில் ஈயம் உருண்டையாக நின்று ஓடிவிடும். தின்றுபோன தடத்துக்கு 30 கேஜ் மெல்லிய ஒயரால் பாலம் போட்டு, மல்டிமீட்டர் பீப்பில் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பேட்டரிக்கு அருகில் ஐசி (சிப்) செருகும் சாக்கெட் இருந்தால் சுத்தம் செய்யப் பார்க்காமல் மாற்றிவிடுவதே சரி. அதன் பிடிகளுக்குள் போன காரத்தை வெளியிலிருந்து எடுக்க முடியாது.

புதிதாக வைப்பது நிக்கல் பேட்டரி வேண்டாம். சிஆர்2032 லித்தியம் செல்லை ஹோல்டரில் வைத்து, ஒயர் இழுத்து, போர்டிலிருந்து தள்ளி மாட்டுங்கள். பழைய சுற்று சார்ஜ் செய்யும் சுற்று. லித்தியம் செல்லுக்கு சார்ஜ் போனால் வெடிக்கக்கூடும். செல்லின் பிளஸ் பக்கத்தில் 1என்5817 டயோடு ஒன்றை, செல்லிலிருந்து வெளியே மட்டும் மின்சாரம் போகும்படி தொடரில் போட வேண்டும். இதை மறந்தால் மற்ற எல்லா வேலையும் வீண்.

டிஎக்ஸ்7-இலும் சிஆர்2032 தான், ஆனால் காது வைத்து சால்டர் செய்தது. கழற்றுமுன் ஃபங்ஷன் பொத்தானை அழுத்தி 14-ஐ அழுத்தினால் பேட்டரி வோல்ட்டேஜ் திரையில் வரும். புதிதுக்கு 3 வோல்ட், 2.5-க்குக் கீழே வந்துவிட்டால் காத்திருக்க வேண்டாம். எடுத்த நொடியில் உள்ளே இருக்கும் 32 ஒலிகளும் போய்விடும், அதனால் முதலில் மிடி (இசைக்கருவியைக் கணினியோடு இணைக்கும் முறை) வழியாகக் கணினியில் சேமியுங்கள்: ஃபங்ஷன் நிலையில் 8-ஐ அழுத்தி ‘சிஸ் இன்ஃபோ அவைல்’ வரவைத்து, மறுபடி 8-ஐ அழுத்தி ‘மிடி டிரான்ஸ்மிட்’ கேட்கும்போது யெஸ். சேமித்த கோப்பு சரியாக 4,104 பைட் இருக்க வேண்டும். குறைந்தால் பாதியில் அறுந்திருக்கிறது, திரும்ப அனுப்புங்கள்.

எஸ்கே-1-இன் பேட்டரி அறையில் வேறு கதை. சாதாரண பென்சில் பேட்டரி துத்தநாகம்-கார்பன் வகை; அதன் கசிவு லேசான அமிலம். அதற்கு வினிகர் தடவுவது அமிலத்துக்கு அமிலம் சேர்ப்பது. ஒரு டீஸ்பூன் ஆப்பசோடாவை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, பிறகு தண்ணீர், பிறகு ஆல்கஹால். ஆல்கலைன் என்று எழுதிய பேட்டரி ஒழுகியிருந்தால் மட்டும் வினிகர். எது ஒழுகியது என்று தெரியாவிட்டால் டிஸ்டில்டு வாட்டரால் பல முறை கழுவுவதோடு நிறுத்துங்கள். பொருக்குத் தட்டிய ஸ்பிரிங்கைத் தேய்த்து நிக்கல் பூச்சு போய்விட்டால் அது மறுபடி துருப்பிடிக்கும், புது ஸ்பிரிங் போடுங்கள். கச்சேரி முடிந்ததும் சுருதிப் பெட்டியிலிருந்து பேட்டரியை எடுத்துவிடும் பழக்கம் வேண்டும்.

துரு, வெள்ளைப் பொடி, கறுப்பு

மூன்றையும் ஒன்றாக நினைத்து ஒரே மருந்து போடுவதில்தான் அதிகம் கெடுகிறது.

சிவந்த துரு இரும்பில் வருவது. அடித்தகட்டைப் போர்டுகளிலிருந்து முழுதாகப் பிரித்து வெளியே கொண்டுபோய்த்தான் வேலை. நைலான் பிரஷ், தேவைப்பட்டால் பித்தளை பிரஷ். ஸ்டீல் வுல் கூடவே கூடாது: முடிபோன்ற இரும்பு இழைகள் பறந்து, ஐசி கால்களுக்கு நடுவில் விழுந்து ஷார்ட் ஆகும். தளர்ந்த துருவை எடுத்தபின் பாஸ்பாரிக் அமில ஜெல்லைப் பூசி, 10 முதல் 15 நிமிடம் விட்டு, கழுவி, ஹேர் டிரையரால் உடனே காயவைத்து, அன்றே ஜிங்க் பிரைமர் அடியுங்கள். ஒரு ராத்திரி இந்த ஈரத்தில் விட்டால் காலையில் ஆரஞ்சுப் படலம் மறுபடி வந்திருக்கும்.

எர்த் திருகைச் சுற்றி 2 சென்டிமீட்டருக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டுத்தான் பெயின்ட். அங்கே பெயின்ட் ஏறினால் சேஸிஸ் எர்த் அறுந்து ஹம் சத்தம் வரும், ஆபத்தும் கூட. பல் வாஷர் போட்டு இறுக்கியபின் பவர் பிளக்கின் எர்த் பின்னுக்கும் தகட்டுக்கும் இடையே அளந்தால் 0.5 ஓமுக்குக் கீழே இருக்க வேண்டும்.

துத்தநாகப் பூச்சுள்ள தாங்கிகளில் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். அது துத்தநாகம் தன்னைத் தின்னக்கொடுத்து இரும்பைக் காப்பாற்றும் அடையாளம். நைலான் பிரஷ்ஷும் ஆல்கஹாலும் போதும். அமிலம் தடவினால் மிச்சப் பூச்சும் கரைந்து, அடுத்த மழைக்கு இரும்பு நேரடியாக மாட்டிக்கொள்ளும்.

கறுப்பு வெள்ளியினுடையது. பழைய ஐசிகளின் கால்களும் சில சுவிட்ச் முனைகளும் வெள்ளிப் பூச்சு. சேலத்தில் கொலுசு கறுத்துப்போவதைப் பார்க்காத வீடு இருக்காது. காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியோடு சேரும் அதே சங்கதிதான் இது. பார்க்க அழுக்காக இருந்தாலும் பல நேரம் மின்சாரம் போய்க்கொண்டுதான் இருக்கும். சாக்கெட்டில் உள்ள ஐசியை மெதுவாகத் தூக்கி, கான்டாக்ட் கிளீனர் ஒரு துளி வைத்து, மூன்று முறை எடுத்துப் பொருத்தினால் உரசலிலேயே முனை சுத்தமாகும். கத்தியால் சுரண்டினால் பூச்சு போய், உள்ளே இருக்கும் உலோகம் துருவேறும். கொலுசுக்குப் பயன்படுத்தும் பாலிஷ் திரவத்தையும் இங்கே கொண்டுவர வேண்டாம். அதன் அமிலம் சாக்கெட்டுக்குள் தங்கிவிடும்.

எஸ்கே-1-இல் கீ சரியாகப் பேசாததற்குக் காரணம் பெரும்பாலும் ரப்பர் பட்டையிலுள்ள கார்பன் பொட்டுகள். போர்டின் கறுப்புத் தடங்களில் பூஞ்சணம் மெல்லிய சாம்பல் தூளாகப் படிந்திருக்கும். பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு ஒரே தடவை, ஒரே திசையில் துடையுங்கள். அழுத்தித் தேய்த்தால் கார்பன் பஞ்சில் வந்துவிடும். ரப்பர் பட்டையை சோப்புத் தண்ணீரில் அலசி 24 மணி நேரம் உலரவிடுங்கள். பொட்டில் மல்டிமீட்டர் வைத்தால் சில நூறு ஓம் காட்டுவது நல்லது. பல ஆயிரம் காட்டினால் சுத்தம் செய்து பயனில்லை, பட்டையையே மாற்ற வேண்டும்.

திருகுகளில் துரு தின்றவற்றை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு, அதே அளவு ஸ்டெயின்லெஸ் போடலாம். பெரும்பாலும் எம்3, எம்4. மீதிப் பழைய திருகுகளைத் துடைத்து, மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு மெல்லிசாகத் தடவிப் பொருத்தினால் தலையில் ஈரம் ஒட்டாது. வெளித்தகட்டுக்கும் அதே மெழுகு.

பல வருடம் சும்மா கிடந்த கருவியை நேரே பிளக்கில் செருகாதீர்கள். 60 வாட் குண்டு பல்பு தொடரில் போட்ட சீரிஸ் போர்டில் முதலில் கொடுங்கள். பல்பு ஒரு நொடி எரிந்து மங்கினால் சரி. பிரகாசமாகவே நின்றால் உடனே அணைத்து, கெப்பாசிட்டரையும் டயோடையும் பாருங்கள். பின்பக்க லேபிளில் 100 வோல்ட் என்றிருந்தால் ஜப்பான் உள்ளூர் மாடல். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் தொடாதீர்கள்.

அலமாரி

உள்ளளவு 1,200 மில்லிமீட்டர் அகலம், 500 ஆழம், 900 உயரம். டிஎக்ஸ்7 ஒரு மீட்டர் நீளத்துக்குச் சற்று மேல், 14 கிலோ எடை, அதற்கேற்ற தாங்கல் வேண்டும். 18 மில்லிமீட்டர் பிளைவுட், 10 சென்டிமீட்டர் கால்.

அலமாரிக்குள் ஜீரோ வாட்ஸ் பல்பு எரியவிடுவது நம் ஊர்ப் பழக்கம். பெயர் ஜீரோ என்றாலும் பழைய பல்பு 12 முதல் 15 வாட் எடுக்கும். ஆனால் இவ்வளவு பெரிய பிளைவுட் பெட்டியில் ஒரு டிகிரி ஏற்ற சுமார் 11 வாட் வேண்டும். ஆகவே அந்தப் பல்பு ஒன்றேகால் டிகிரி மட்டும் ஏற்றி, 90 சதவீதத்தை 83-ஆக்கும். துணிக்கு அது போதலாம், இரும்புக்குப் போதாது. உள்பக்கம் முழுதும் 50 மில்லிமீட்டர் தெர்மாகோல் ஒட்டினால் ஒரு டிகிரிக்கு 3 வாட் போதும். அப்போது கீழே சொல்லும் ஹீட்டரின் 26 வாட்டில் எட்டு டிகிரிக்கு மேல் கிடைக்கும். 25 மில்லிமீட்டர் ஷீட் இரண்டை, இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வராமல் மாற்றி ஒட்டுங்கள். கதவுக்கும் உண்டு.

ஹீட்டர்: 22 ஓம், 25 வாட் அலுமினிய உறை ரெசிஸ்டர் நான்கு. 300-க்கு 100 மில்லிமீட்டர், 3 மில்லிமீட்டர் தடிமன் அலுமினியத் தகடு இரண்டு. ஒவ்வொரு தகட்டிலும் இரண்டு ரெசிஸ்டரை இணையாக, ஹீட்சிங்க் பேஸ்ட் தடவித் திருகுங்கள். 12 வோல்ட்டில் தகட்டுக்கு 13 வாட், மொத்தம் 26. தகடு அலமாரிக் காற்றைவிட இருபது டிகிரி சொச்சம் மேலே நிற்கும், கைவைத்தால் சுடாது. மின்சாரம் 2.2 ஆம்பியர், 12 வோல்ட் 5 ஆம்பியர் அடாப்டர், அலமாரிக்கு வெளியே. 3 ஆம்பியர் ஃபியூஸ், 1 சதுர மில்லிமீட்டர் ஒயர். தெர்மாகோல் சூட்டில் இளகும், தீயும் பிடிக்கும் என்பதால் தகடுகளுக்குப் பின்னால் சிமென்ட் ஷீட், நடுவில் 50 மில்லிமீட்டர் இடைவெளி. ஒவ்வொரு தகட்டிலும் 60 டிகிரியில் மின்சாரத்தை அறுக்கும் கேஎஸ்டி301 கட்-அவுட் தொடரில். இதை விட்டுவிட்டு அலமாரியை மூடக் கூடாது. மூலைகளில் குளிர்காற்று தேங்காமலிருக்க 80 மில்லிமீட்டர் ஃபேன் ஒன்று மெதுவாகச் சுழலட்டும்.

ஹியுமிடிட்டி கன்ட்ரோலரை, ஹீட்டர் 55 சதவீதத்தில் தொடங்கி 52-இல் அணையுமாறு வைத்தோம். மழை வாரங்களில் ஏறக்குறைய இடைவிடாமல் எரியும், மாசியில் பெரும்பாலும் அணைந்தே கிடக்கும். விடாமல் எரிந்தாலும் மாதம் 19 யூனிட்தான்.

எங்கே தவறியது என்றால், முதலில் தெர்மாகோலை ஒட்டாமல் கதவுக்கு ரப்பர் பட்டை மட்டும் போட்டு, இரண்டு கிலோ ஜெல் வைத்துப் பார்த்தபோது. ஜெல் சில நாட்களிலேயே நிறம் மாறியது, மீட்டரோ இறங்கவே இல்லை. குற்றவாளி பிளைவுட். 85 சதவீத ஈரக்காற்றில் இருந்த மரம் தன் எடையில் சுமார் 18 சதவீதம் தண்ணீரை வைத்திருக்கும். 55 சதவீதத்தில் 10. இந்த அலமாரியின் பிளைவுட் 46 கிலோ. அதாவது மூன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் பலகைக்குள்ளிருந்து வெளியே வரக் காத்திருக்கிறது. அலமாரிக் காற்றில் இருக்கும் ஈரம் பத்து கிராம்கூட இல்லை. இரண்டு கிலோ ஜெல் அரைக் கிலோ தண்ணீரைத்தான் பிடிக்கும். தீர்வு, பலகையையே பிரித்துவைப்பது: தெர்மாகோலின் மேல் அலுமினிய ஃபாயிலும் எல்லா இணைப்பிலும் அலுமினிய டேப்பும். ஒயர் நுழையும் ஓட்டையை சிலிக்கோன் பசையால் அடைத்தோம். கருவிகளை வைத்த முதல் இரண்டு நாள், ஹீட்டர் எரிய, கதவை இரண்டு விரற்கடை திறந்தே வைத்தோம். கருவிக்குள் இருக்கும் மரமும் அட்டையும் ஃபெல்ட்டும் தங்கள் ஈரத்தை விட அவகாசம் வேண்டும்.

ஜெல் இப்போது மின்வெட்டுக்கான காப்பு. 500 கிராம் வீதம் நான்கு மல் துணிப் பைகள். நிறத்தைவிட எடையை நம்புங்கள்: 600 கிராம் ஆனால் வெளியே எடுங்கள். ஓவனில் 120 டிகிரியில் இரண்டு, மூன்று மணி நேரம், அடிக்கடி கிளறி, ஆறும்வரை எவர்சில்வர் டப்பாவில் இறுக மூடி வைக்க வேண்டும். திறந்து வைத்து ஆறவிட்டால் ஏற்காட்டுக் காற்றையே குடித்துவிடும். நீல ஜெல்லில் கோபால்ட் உப்பு இருக்கிறது, அது நஞ்சு; ஆரஞ்சு வகை வாங்குங்கள், சமையல் பாத்திரத்தில் வறுக்காதீர்கள்.

வீட்டில் கைக்குக் கிடைப்பதையெல்லாம் உள்ளே வைக்கும் ஆசை வரும். அந்துருண்டையின் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கிவிடும். சாம்பிராணிப் புகை சுவிட்ச் முனைகளில் பிசுக்காகப் படியும். அரிசி மாவுத்தூளும் வண்டும் தரும். ஈரத்தை இழுத்துத் தண்ணீராகச் சேர்க்கும் கால்சியம் குளோரைடு டப்பா எல்லாவற்றிலும் மோசம்: கவிழ்ந்தால் கொட்டுவது குளோரைடு உப்புத் தண்ணீர், இரும்புக்கு அதைவிடக் கெட்டது இல்லை. பெல்டியர் வகைச் சின்ன டிஹியுமிடிஃபையர்கள் மலைக் குளிரில் மிகக் குறைவாகவே தண்ணீர் எடுக்கும்.

சேலத்துக்கு இறக்கும்போது

நாள் முழுதும் உழைத்துக் காப்பாற்றியதை ஒரு கச்சேரிப் பயணம் கெடுத்துவிடும். 18 டிகிரியில் இருந்த டிஎக்ஸ்7-ஐ 20 கொண்டை ஊசி வளைவும் இறங்கி, சேலத்தில் 30 டிகிரி, 70 சதவீத ஈரக்காற்றில் திறந்தால், அந்தக் காற்று 24 டிகிரியிலேயே பனியாகக் கோக்கும். கருவி அதைவிடக் குளிர்ச்சி. போர்டு, ஐசி கால், கீ கான்டாக்ட் எல்லாவற்றின் மேலும் தண்ணீர் வியர்க்கும். அந்த நிலையில் ஸ்விட்ச் போட்டால் தடங்களுக்கு நடுவே கசிவு ஓடி, தூசியிருக்கும் இடத்தில் களிம்பு தொடங்கும்.

புறப்படுமுன் அலமாரிக்குள்ளேயே கருவியைக் கெட்டிப் பாலித்தீன் பையில் போட்டு, காற்றை அமுக்கி வெளியேற்றி, 200 கிராம் ஜெல்லோடு டேப் ஒட்டிவிடுங்கள். கதகதப்பிலிருந்து வெளிவருவதால் அது ஏற்கனவே 26 டிகிரியில் இருக்கும். அலமாரி தரும் இரண்டாவது பலன் அது. ஏற்காட்டுக்குக் கொண்டுவரும் சிப்ஸ் பாக்கெட் மேலே வந்ததும் உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். இறங்கும்போது நேர்மாறு: காற்றழுத்தம் கூடுவதால் இறுக மூடாத பெட்டி கீழ்க்காற்றை உள்ளே இழுக்கும், கொள்ளளவில் ஏறத்தாழ 13 சதவீதம். நூறு லிட்டர் பெட்டிக்குள் போவது கால் கிராமுக்குச் சற்று மேல் தண்ணீர்தான், ஜெல் சமாளித்துவிடும். ஜெல் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

சேலத்தில் பையைப் பிரிக்குமுன் ஆறு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். அடித்தகட்டில் பைக்கு மேலாகவே கை வைத்துப் பாருங்கள். அறைச் சுவரைவிடச் சில்லென்றிருந்தால் இன்னும் நேரமாகவில்லை. அவசரமாகச் சூடேற்ற வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பவர்கள் உண்டு. சித்திரை வெயிலில் மூடிய கார் 60 டிகிரியைத் தாண்டும், கீகள் வளைந்துவிடும், வளைந்தவை நிமிராது. மேலே திரும்பக் கொண்டுபோனதும் நேரே அலமாரிக்குள் வைத்து, பையை அங்கேதான் பிரிக்க வேண்டும்.